இலங்கை மலையகத்துல நாயை நடக்கக் கூட்டிட்டுப் போறப்போ ஆளுங்க கோவிக்காம இருக்க என்ன செய்யணும்?

கேட்டவரு ஹட்டன் பக்கம் புதுசா நாய் வளர்க்கத் தொடங்கியிருக்காரு, காலையில கூட்டிட்டுப் போனா ஆளுங்க ஒதுங்குறாங்க, சிலபேர் ஏசவும் செய்றாங்க, எப்படிப் போறதுன்னு கேட்டிருக்காரு. நான் டிக்கோயா பக்கம், எங்க வீட்டுல ஜிம்மின்னு ஒரு கலப்பு அல்சேஷன் இருக்கு, நல்ல உயரம், தேயிலை மலைக்கு நடுவுல இருக்கிற பாதையில தான் தினமும் அதோட நடக்கிறேன், அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

முதல்ல "ஒண்ணும் செய்யாது, பயப்படாதீங்க"ன்னு சொல்றத விட்டுருங்க. நாய் வளர்க்கிற முக்காவாசி பேர் வாயில இதுதான் வருது. கயிறு தளர்ந்து கிடக்கும், நாய் போய் எதிர்ல வர்ற அம்மாவோட சேலைய மோந்துகிட்டு நிக்கும், அந்தம்மா கைய நெஞ்சுல வச்சிகிட்டு அசையாம நிக்கிறாங்க, இவரு பின்னால இருந்து சிரிச்சிகிட்டே ஒண்ணும் செய்யாதும்பாரு. ஒண்ணும் செய்யாதுங்கிறது உங்களுக்குத் தெரியும், அவங்களுக்கு எப்படித் தெரியும்? அதுவும் நம்ம தோட்டப் பக்கம் வயசானவங்ககிட்ட பேசிப் பாருங்க, துரை (தோட்ட மேனேஜர்) பங்களா நாய்ங்க பத்தி ஒரு கதையாவது வச்சிருப்பாங்க, பங்களா கேட்டுக்கிட்ட போகவே பயந்த காலம் அது. பெரிய நாயக் கண்டா ஒதுங்குறது அவங்களுக்கு ரத்தத்துல ஊறினது, அதுக்கு நாம கோவிக்கக் கூடாது, நாம தான் எடம் குடுக்கணும். வாயால சொல்றத விட கயித்த ரெண்டு சுத்து கையில சுத்தி நாய காலோட சேத்துப் புடிச்சிகிட்டா, அதப் பாத்தாலே அவங்களுக்குப் பாதி பயம் போயிரும்.

மலைக்குப் போற ஒத்தையடிப் பாதையில இது இன்னும் முக்கியம். ஒரு பக்கம் மண் வெட்டு, மறுபக்கம் சரிவு, நடுவுல ஒரு ஆள் போற அகலம் தான். தேயிலைக் கொழுந்து நிறஞ்ச சாக்கையோ கூடையையோ தலையில கயிறு மாட்டி முதுகுல தொங்கவிட்டு வர்றவங்களால குனிஞ்ச தலைய சட்டுன்னு நிமித்த முடியாது, திரும்பவும் முடியாது, நாய் உறுமுச்சின்னா ஒரு அடி பின்னால வைப்பாங்க, அந்த ஒரு அடி சரிவுல போயிரும். அதனால தூரத்துல ஆள் தெரிஞ்சதுமே நான் அகலமான எடமாப் பாத்து நின்னுருவேன். மண் வெட்டுப் பக்கம் அவங்களுக்கு, சரிவுப் பக்கம் எனக்கு, எனக்கும் வெளியில நாய், அதாவது நாய்க்கும் அவங்களுக்கும் நடுவுல என் கால் இருக்கணும். "தம்பி, நாயப் புடிச்சிக்கப்பா"ன்னு சத்தம் குடுப்பாங்க, "புடிச்சிருக்கேன் அக்கா, நீங்க உள்பக்கமா வாங்க"ன்னு சொல்லிட்டு நாய உக்கார வச்சிருவேன். அவங்க முழுசா தாண்டின பிறகு தான் நடப்போம். வேலைக்குப் போறவங்களுக்குத்தான் பாதை முதல்ல, நாம நடக்கிறது உடம்புக்கும் நாய்க்கும் தானே, நாம நிக்கலாம்.

நேரமும் பாருங்க. பெரட்டுக்கு (காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற எடம்) ஆளுங்க போற நேரம், ஸ்கூல் பிள்ளைங்க போற நேரம், சாயங்காலம் மடுவக் கொட்டகையில கொழுந்து நிறுக்கிற நேரம், இந்த மூணுலயும் அந்தப் பாதைகள விட்டுருங்க. அதுக்காக விடியிறதுக்கு முன்னாடி இருட்டுல இறங்குறதும் வேணாம், ஏன்னா சிறுத்தை. போகவந்தலாவ, நோர்வூட், மஸ்கெலியா பக்கமெல்லாம் தேயிலைக்குள்ள சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது எல்லாருக்கும் தெரியும், நாய்னா அதுக்கு லேசான இரை, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுங்க) வாசல்லயே கட்டியிருந்த நாயத் தூக்கிட்டுப் போன கதை எத்தனையோ இருக்கு. வெயில் ஏறி பனிமூட்டம் கலைஞ்ச பிறகு, இல்லன்னா நாலு மணி வாக்குல, இருட்டுறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துரணும்.

காட்டோரம் போனா கயித்த அவிழ்க்கவே கூடாது, அதுக்கு சிறுத்தை மட்டும் காரணமில்ல. பன்றிக்கு கம்பிக் கண்ணி வைக்கிறாங்க. 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் லக்ஷபான தோட்டத்துல ஒரு கருஞ்சிறுத்தை அப்படி ஒரு கண்ணியில மாட்டி, உயிரோட மீட்டும் காப்பாத்த முடியாம செத்துப் போச்சி, நாடே பேசினது ஞாபகம் இருக்கும். அவ்வளவு பெலமான மிருகத்துக்கே அந்தக் கதின்னா நம்ம நாய் என்ன ஆகும். அடுத்தது குளவி. தேயிலைச் செடிக்குள்ளயும் மரத்துலயும் கூடு இருக்கும், அவுத்து விட்ட நாய் முயல் தெரத்தி உள்ள பாஞ்சி கூட்டக் கலைச்சா நாய் ஓடிரும், கொட்டு வாங்குறது அந்த மலையில கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க. குளவி கொட்டி ஆளுங்க செத்த செய்தி நம்ம பக்கம் புதுசில்ல. ஆளுங்க வேலை செய்ற மலைக்குள்ள நாய அவுத்து விடுறவங்கள கண்டா எனக்கு நிஜமாவே கோவம் வரும்.

பீலிக்கரை, அதாவது ஊத்துத் தண்ணி குழாயில வந்து விழுற எடம், அதப் பத்தி கட்டாயம் சொல்லணும். பீலித் தண்ணி தான் பல லயத்துக்கு குடிக்கவும் குளிக்கவும், நாய் தாகமா இருக்குன்னு அதுல வாய் வைக்க விடாதீங்க, தண்ணி வர்ற மேல் வாய்க்கால் பக்கம் பீ இருக்கவும் விடாதீங்க. ஒரு போத்தல் தண்ணியும் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவும் கையோட கொண்டு போனா முடிஞ்சிது. பொம்பளைங்க குளிக்கிற நேரம் அந்தப் பக்கமே நாயோட போய் நிக்கக் கூடாது, இதச் சொல்லியும் தெரியணுமா.

நாய் பீ அள்ளுறது டவுன் ஆளுங்க பழக்கம்னு நினைக்காதீங்க. ரெண்டு ஷொப்பிங் பேக் பொக்கட்ல இருக்கட்டும், கையில மாட்டி அள்ளி அப்படியே உள்பக்கம் வெளியாத் திருப்பி முடிச்சுப் போட்டா கை அழுக்காகாது. அத காணுக்குள்ள (தண்ணி ஓடுற வாய்க்கால்) எறிஞ்சிட்டுப் போறவங்களும் இருக்காங்க, மழைக்கு அது நேரா கீழ் லயத்துக்குத் தான் போகும், வீட்டுக்குக் கொண்டு வந்து ஆழமா குழி தோண்டி பீய மட்டும் புதைங்க, பேக்க குப்பையில போடுங்க, மரக்கறித் தோட்டத்துக்கு உரமா மட்டும் போடாதீங்க. நாய் வயித்துல இருக்கிற கொக்கிப்புழு மண்ணுல இருந்து வெறுங்கால் வழியா தோலுக்குள்ள ஏறும், பிள்ளைங்க செருப்பில்லாம விளையாடுற எடம் நம்ம லயத்து வாசல் தான. நாய்க்கு பூச்சி மருந்து ஒழுங்கா குடுங்க.

டவுன்ல போனா முஸ்லிம் ஆளுங்க நிறைய பேர் இருப்பாங்க, நாயோட எச்சில் பட்டா அவங்க மார்க்கப்படி ஏழு தரம் கழுவணும், அதுல ஒரு தரம் மண் கலந்த தண்ணியால, தொழுகைக்குப் போறவரு உடுப்புல நாய் மூக்கு வச்சா அவரு திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதாயிரும். அதனால பள்ளிவாசல் பக்கம் ரோட்ட மாறி அந்தப் பக்கமா போங்க. கோயில் வாசலும் அப்படித்தான். வைரவருக்கு வாகனமே நாய் தான், அதுக்காக திருவிழாக் கூட்டத்துல தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவுல நம்ம நாயக் கொண்டு போய் நிறுத்தினா அது வெருண்டு யாரையாவது கடிச்சிரும்.

கோச்சி ரோட்டுல, அதாவது ரயில் தண்டவாளத்துல, நடக்கிற பழக்கம் நம்மகிட்ட ரொம்ப இருக்கு, குறுக்கு வழி, மட்டமான பாதை. நாயோட வேணவே வேணாம், அது சட்டப்படியும் தப்பு. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவுல சிங்கமலை சுரங்கம் மாதிரி எடத்துல கோச்சி வந்தா நமக்கே ஒதுங்க வழியில்ல, வெருண்ட நாயையும் இழுத்துகிட்டு என்ன செய்றது.

ஒவ்வொரு லயத்துலயும் நாய்ங்க இருக்கும், கூட்டமா வந்து குலைக்கும், கட்டாக்காலி நாய்ங்களும் சேந்துக்கும். கல் எறியாதீங்க, அது யாரோ ஒருத்தர் சோறு போடுற நாய், அங்கதான் சண்டை தொடங்கும். ஓடவும் கூடாது, நேரா முறைச்சிப் பாக்கவும் கூடாது. ஒரு கம்பு வச்சி தரையில தட்டிகிட்டே கொஞ்சம் சுத்தி வளைஞ்சி நடந்தா அதுங்க எல்லை தாண்டினதும் நின்னுரும்.

மழை நாள்னா வீட்டுக்கு வந்ததும் அட்டை பாருங்க, விரல் இடுக்கு, காது மடல், கண்ணோரம். பிச்சி இழுக்காதீங்க, நகத்தால ஓரத்துல தள்ளினா விட்டுரும். நாய் விடாம தும்மி ஒரு மூக்குல மட்டும் ரத்தம் வந்தா உள்ள அட்டை போயிருக்கலாம், கை வைக்காம மிருக வைத்தியர்கிட்ட கொண்டு போங்க. உண்ணியும் அதே நேரம் பாத்துருங்க, உண்ணிக் காய்ச்சல் நம்ம நாட்டுல நாய்ங்கள நிறைய கொல்லுது.

விசர் (வெறிநோய்) ஊசி வருசா வருசம் போட்டே ஆகணும், நாயப் பதியணும்ங்கிற சட்டம் 1901ல இருந்தே இருக்கு. எவ்வளவு கவனமா இருந்தாலும் நாய் யாரையாவது கீறிட்டா அங்கயே நின்னு வாக்குவாதம் பண்ணாதீங்க, பக்கத்துல தண்ணி இருக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போய் சவுக்காரம் போட்டு 15 நிமிசம் ஓடுற தண்ணியில கழுவ வச்சி, அப்படியே நீங்களே ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆட்டோ காசு உங்களோடது. ஊசி கார்ட போட்டோ எடுத்து போன்ல வச்சிருங்க, டொக்டர் முதல்ல கேக்கிறது அதத்தான்.