பழைய ரிவால்வரா? டைமிங், ஆட்டம், இறுக்கம்: கேள்வி பதில்

பதிலுக்கு முன் ஒன்று: சிலிண்டரில் (தோட்டா போடும் சுழல் உருளை) ஆறு அறையும் காலியா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தோட்டா டப்பாவைப் பக்கத்து அறையில் வையுங்கள்.

மயிலாப்பூர்: ஐயா, அப்பாவின் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். சுட்டால் பக்கவாட்டில் ஈயத்துணுக்கு தெறிக்கிறது. லைசென்ஸ் என் பெயரில்தான்.

சுடும் நேரத்துக்குச் சிலிண்டர் அறை பேரலுக்கு (குழல்) நேராக வந்து நிற்பதுதான் டைமிங். நிற்காவிட்டால் குண்டு விளிம்பில் உரசும். ஈயம் சீவிக்கொண்டு தெறிக்கும். ஆறு அறையிலும் சுட்ட காலிக் கூடுகளைப் போடுங்கள். பிரைமரில் (கூட்டின் அடியில் அடிபட்டு வெடிக்கும் மூடி) குழி விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு! கூடு இல்லாவிட்டால், காலிக் கூட்டை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் லேசாக ஆடி, நல்ல துப்பாக்கியையும் கெட்டதாகக் காட்டும். சிலிண்டர் மேல் விரலை லேசாக அழுத்தியபடி ஹேமரை (பின்னால் இருக்கும் அடிப்பான்) மெதுவாக இழுங்கள். ஹேமர் கடைசியில் நிற்பதற்குள் சிலிண்டருக்கு அடியிலிருக்கும் தாழ்ப்பாள் அதன் பள்ளத்தில் 'டக்' என்று விழ வேண்டும். வேகமாக இழுத்தால் சிலிண்டர் சுழன்ற வேகத்திலேயே போய் நின்றுவிடும், கோளாறு தெரியாது. ஆறிலும் விழவில்லை என்றால் சிலிண்டரைத் தள்ளும் 'ஹேண்ட்' தேய்ந்திருக்கும். ஒன்றிரண்டில் மட்டும் என்றால் அந்த அறைக்கான ராட்செட் பல் (சிலிண்டரின் பின்னால் ஹேண்ட் தள்ளும் பல்). எந்த அறை என்று மார்க்கரில் குறித்துக்கொள்ளுங்கள். பழுது பார்க்கும்வரை சுடாதீர்கள்.

வேளச்சேரி: ட்ரிகரை இழுத்துப் பிடித்தாலும் சிலிண்டர் ஆடுகிறதே, சார்?

ஸ்மித் என்றால் பக்கவாட்டில் இம்மி ஆடும், பயப்படாதீர்கள். முன்னும் பின்னும் ஆடினால் அது வேறு நோய், மெக்கானிக்கிடம் காட்டித்தான் ஆக வேண்டும்.

அண்ணாநகர்: கோல்ட் (Colt) ரிவால்வரில் ஆடவே ஆடாது. அதுதான் உசத்தி!

வந்துவிட்டீர்களா! பழைய கோல்ட்டில் ட்ரிகரைப் பிடித்திருக்கும்வரை ஹேண்ட் சிலிண்டரை அழுத்திக்கொண்டே நிற்கும், அதனால்தான் அந்த இறுக்கம். அந்த அழுத்தத்தில்தான் ஹேண்டும் சீக்கிரம் தேயும்.

அண்ணாநகர்: தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாமே?

மாற்றலாம். பாகமும் அதைப் பொருத்தத் தெரிந்த கையும் கிடைக்க வேண்டுமே, தம்பி. நானே கோல்ட் பிரியன்தான், ஆனால் பழுதுக்கு ஸ்மித் வந்தால் நிம்மதி.

அம்பத்தூர்: ஹேண்டைத் தட்டி நீட்டிவிடலாமா, அண்ணா?

வேண்டாம். ஆயுதச் சட்டம் 1959-இன்படி பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும். அரம், சுத்தியல் எதுவும் எடுக்காதீர்கள்.

தாம்பரம்: என் ஸ்மித்திலும் சிலிண்டர் ஆடுகிறது.

வேளச்சேரிக்குச் சொன்னதுதான். படித்துவிட்டுக் கேளுங்கள்.

பெரம்பூர்: தாத்தா காலமாகிவிட்டார். அவருடைய ரிவால்வர் பீரோவில் இருக்கிறது. டைமிங் பார்க்கலாமா?

தொடாதீர்கள். முதலில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படையுங்கள்.

திருவான்மியூர்: வெப்லி .38. தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்பி வந்ததிலிருந்து சிலிண்டர் நகரவே அடம் பிடிக்கிறது.

கடல் காற்றுக்குத் துரு பிடித்திருக்கலாம். கொடுக்கும்முன் என்ன எண்ணெய் போட்டீர்கள்?

திருவான்மியூர்: தேங்காய் எண்ணெய்.

தலைக்குப் போடுங்கள். இதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழுவச் சொல்லுங்கள். கொடுக்கும்முன் ஆறு அறையும் காலியா?