இல்லாத கால் வலிக்குமா?

கேள்வி: சர்க்கரை நோயால் பெரியப்பாவின் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதம் எரிகிறது என்கிறார். வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். அப்படியா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை, அந்த வலி நிஜம். காயம் இருக்கும் இடத்தில்தான் வலியும் இருக்கும் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் வலியை உணர்வது மூளை, கால் போன பிறகும் அந்தக் காலுக்கான பகுதி மூளையில் இருக்கிறது, அப்புறம் வெட்டுப்பட்ட நரம்புகளும் சும்மா இருப்பதில்லை, மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கையிழந்தவர்களுக்கு நல்ல கையின் பிம்பத்தை, இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி, கண்ணாடியில் காட்டினார்; இல்லாத கை அசைவதாகவே உணர்ந்தார்கள், சிலருக்கு வலியும் குறைந்தது. வலியை அளக்க மருத்துவர்களே நோயாளி சொல்வதைத்தான் கேட்கிறார்கள். நீங்களும் பெரியப்பாவை நம்புங்கள். கண்ணாடிப் பயிற்சி பற்றி டாக்டரிடம் கேளுங்கள், மாத்திரைகளும் உண்டு.