டாக்டர் ஜான்சன் பெரிய டென்னிஸ் வீரர் இல்லையே, பிறகு எப்படி இரண்டு விம்பிள்டன் சாம்பியன்களை உருவாக்கினார்? பிறவித் திறமை உள்ள பிள்ளைகள் அவரிடம் வந்து சேர்ந்ததுதான் காரணமா?

முதலில் ஒரு திருத்தம். ஆர்தர் ஆஷ், அல்தியா கிப்சன் என்ற இரண்டு கறுப்பின அமெரிக்கச் சாம்பியன்களை வளர்த்த கறுப்பின மருத்துவர் ராபர்ட் வால்டர் ஜான்சன் நன்றாகவே ஆடியவர். 1899-இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பிறந்தார். லிங்கன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடி, ஓட்ட வேகத்தால் 'சூறாவளி' என்று பெயர் வாங்கினார். டென்னிஸைப் பிடித்தது பிற்பாடுதான். வெள்ளையர் டென்னிஸ் சங்கம் கறுப்பினத்தவரைச் சேர்க்காததால் 1916-இல் தொடங்கப்பட்டது ஏ.டி.ஏ. (அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷன்) என்னும் தனிச் சங்கம். அதன் தேசியப் போட்டியில், ஐம்பது வயதையொட்டி, அல்தியா கிப்சனோடு ஜோடி சேர்ந்து கலப்பு இரட்டையர் பட்டம் பலமுறை வென்றார். ஆகவே 'பெரிய வீரர் இல்லை' என்று எழுதும்போது, அவர் எந்தப் போட்டிகளில் ஆட அனுமதிக்கப்பட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி பிறவித் திறமை. நீங்கள் பிள்ளையை ஏதாவது பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோராக இருக்கலாம், கேள்வியின் தொனி அப்படித்தான் இருக்கிறது. அதனால் அவர் என்ன செய்தார் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

ஜான்சன் லிஞ்ச்பர்க் நகரில் மருத்துவத் தொழில் செய்துகொண்டிருந்தார். அதே வர்ஜீனியாவில் உள்ள சார்லட்ஸ்வில்லில் அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டி ஆண்டுதோறும் நடந்தது. ஆடியவர்கள் வெள்ளைப் பிள்ளைகள் மட்டும். 1950களின் தொடக்கத்தில் அவர் நிர்வாகிகளோடு பேசி இரண்டு கறுப்பின மாணவர்களுக்கு இடம் வாங்கினார். இருவரும் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினர். இடம் கேட்டு வாங்கினால் மட்டும் போதாது, அங்கே ஜெயிக்கும் பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்தே தயார் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார். பியர்ஸ் தெருவில் தன் வீட்டை ஒட்டியிருந்த டென்னிஸ் கோர்ட்டில் கோடை முகாம் தொடங்கினார். பிள்ளைகள் தங்கியதும் சாப்பிட்டதும் அவர் வீட்டிலேயே. செலவில் பெரும்பகுதி அவர் கைக்காசு.

அங்கே பிள்ளைகள் ராக்கெட்டோடு துடைப்பக் கட்டையும் பிடித்தார்கள், பந்தை அந்தக் கட்டையால் அடித்துப் பழக. ராக்கெட்டில் பந்து நடுவில் படாவிட்டாலும் எப்படியோ எதிர்ப்பக்கம் போய்விடும், தப்பு வெளியே தெரியாது. கட்டையின் அகலம் இரண்டு விரல்கூட வராது. பந்து பட்டு முடியும்வரை கண்ணை எடுத்தால், தலையைத் தூக்கினால், அவசரமாக வீசினால் காற்றைத்தான் அடிப்பார்கள். ஒவ்வொரு தப்பும் அந்த நொடியிலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். இது போகத் தோட்டத்தில் களை பிடுங்குவது, வேலி வெட்டுவது, நாய்க்கூண்டு கழுவுவது எல்லாம் அவர்கள் வேலைதான்.

முகாமின் உயிர்நாடி ஒரு விதி: பந்து லைனுக்கு வெளியே இரண்டு அங்குலம்வரை விழுந்தாலும் உள்ளே விழுந்ததாக வைத்து ஆடு.

ஜூனியர் ஆட்டங்களில் பெரும்பாலும் அம்பயர் கிடையாது. அவரவர் பக்கம் விழும் பந்துக்கு அவரவரே அவுட் சொல்ல வேண்டும். தெற்கு மாநிலங்களில் ஒரு கறுப்பினச் சிறுவன் அவுட் சொன்னால் என்ன நடக்கும்? தகராறு வரும், போட்டி நிர்வாகி வருவார், தீர்ப்பு யார் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அதைவிட மோசம், 'இந்தப் பிள்ளைகள் வந்தாலே பிரச்சினை' என்று அடுத்த ஆண்டு இடம் மறுக்க ஒரு சாக்கு கிடைத்துவிடும். இந்த விதியால் சில புள்ளிகள் போகும், சாக்கு கிடைக்காது. ஆட்டத்துக்கும் இதில் லாபம் உண்டு. 'வெளியே போகும்' என்று நின்றுவிடாமல் எல்லாப் பந்துக்கும் ஓடிப் போய் நிற்கும் பழக்கம் காலில் ஏறிவிடும்.

இதே காரணத்துக்காகத்தான் மற்ற விதிகளும். பக்கம் மாறும்போது பந்துகளைப் பொறுக்கி எதிராளி கையில் கொடு. ராக்கெட்டை எறியாதே. முகம் சுளிக்காதே. சாப்பாட்டு மேசையில் எந்த முள்கரண்டியை எப்போது எடுப்பது என்பதுவரை சொல்லிக் கொடுத்தார்.

ஆர்தர் ஆஷ் 1953-இல், பத்து வயதில் வந்தார். வந்ததும் சிக்கல். ரிச்மண்டில் அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் ரான் சாரிட்டி. ஜான்சன் வீட்டில் ராக்கெட் பிடியை மாற்றச் சொன்னால், சாரிட்டி இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார் என்று மறுத்தார். ஜான்சன் வாதாடவில்லை, அப்பாவை வரவழைத்தார். அவர் காரில் வந்து, இனி டாக்டர் சொல்வதைக் கேள் என்று மகனிடம் சொல்ல, அத்தோடு முடிந்தது. இரண்டு பயிற்சியாளர் சொல்லுக்கு நடுவே பிள்ளை தடுமாறும்போது, யார் பேச்சு எடுபட வேண்டும் என்பதை வீட்டில் ஒருவர் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பல பிள்ளைகள் கெடுவது இந்த இடத்தில்தான்.

1961-இல் அதே சார்லட்ஸ்வில் பட்டத்தை ஆஷ் வென்றார். 1968-இல் அமெரிக்க ஓப்பன், 1975-இல் கானர்ஸை வீழ்த்தி விம்பிள்டன்.

'அடங்கிப் போகத்தானே கற்றுக்கொடுத்தார்' என்று கருத்துப் பெட்டியில் சிலர் வருவார்கள், தெரியும். 1950களின் வர்ஜீனியாவை மறந்துவிட்டுப் பேசும் பேச்சு அது. அடங்கிப் போகிறவர் சார்லட்ஸ்வில் நிர்வாகியிடம் போய் இடம் கேட்டிருக்க மாட்டார். அவர் வளர்த்த ஆஷ் 1985-இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து அதன் தூதரகத்தின் முன் போராடிக் கைதானார். டென்னிஸ் ஆடுகளத்தில் வாயை மூடியவர்கள் வெளியேயும் மூடிக்கொள்ளவில்லை.

அல்தியா கிப்சனின் வழி வேறு. 1946-இல் ஜான்சனும் இன்னொரு மருத்துவரான ஹியூபர்ட் ஈட்டனும் அவரைப் பார்த்தபோது அவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது, பள்ளிப் படிப்பு பாதியில் நின்றிருந்தது. பள்ளி நாட்களில் வட கரோலினாவின் வில்மிங்டனில் ஈட்டன் வீடு, கோடையில் ஜான்சனோடு காரில் ஊர் ஊராகப் போட்டிகள் என்று இருவரும் பிரித்துக்கொண்டார்கள். வெள்ளையர் விடுதிகளில் தங்க முடியாத காலம். 1949-இல் பள்ளிப் படிப்பு முடிந்தது, 1957-இலும் 1958-இலும் விம்பிள்டன் பட்டம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1968 அமெரிக்க ஓப்பன் முதல் பரிசு 14,000 டாலர். பரிசுப் பணம் வாங்கக் கூடாத அமெச்சூர் என்பதால் ஆஷ் அதைத் தொட முடியவில்லை. தோற்ற டாம் ஒக்கர் வாங்கிக்கொண்டார். ஜெயித்தவருக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 20 டாலர் படி. ஜான்சனுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை. அவர் 1971-இல் இறந்தார். சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2009-இல். இரண்டு சாம்பியன்களும் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.