2018-ல் ஊருக்குப் போய் வாக்களித்த நான் 2022 மார்ச்சில் ஏன் போகவில்லை?

"ஆட்சியையே மாற்றிக் காட்டிய மலேசியர்கள் நான்கே ஆண்டுகளில் கட்சிகளை வெறுக்கத் தொடங்கியது பொறுமையின்மையால்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் 2018-ல் வாக்களிக்க வரிசையில் நின்றவராக இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நின்றிருந்தால் பொறுமையின்மை என்ற சொல் உங்களுக்குத் தோன்றியிருக்காது.

நான் ஜொகூர் மாநிலத் தோட்டம் ஒன்றில் பிறந்து கோலாலம்பூரில் வேலை செய்பவன். என் வாக்கு ஊரில்தான் இருந்தது. 2018 மே 9, புதன்கிழமை. பேருந்துச் சீட்டு கிடைக்காமல் தவித்தபோது, காரில் ஓர் இடம் இருப்பதாக முகநூலில் எழுதியிருந்த, முன்பின் அறியாத மலாய் இளைஞர் ஒருவர் என்னை ஏற்றிக்கொண்டார். பெட்ரோலுக்கு நான் நீட்டிய பணத்தையும் வாங்கவில்லை. நான் படித்த தமிழ்ப்பள்ளியிலேயே வாக்குச்சாவடி. மூன்று மணி நேரம் வெயிலில் நின்று, இடக்கைச் சுட்டுவிரலில் மையோடு வீட்டுக்கு வந்தபோது, அம்மா அந்த விரலைப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நள்ளிரவு கடந்து முடிவு தெரிந்தது: தேசிய முன்னணிக் கூட்டணியின் 61 ஆண்டு ஆட்சி வீழ்ந்தது. வாக்கால் மத்திய அரசை மாற்ற முடியும் என்பதை நாங்கள் முதன்முதலாகக் கண்டது அன்றுதான்.

எங்கள் வீட்டில் அந்தத் தேர்தலுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. பெரியம்மா 1960-ல் அதே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) பிறந்தவர்; பிறப்பைப் பதிவு செய்யாததால் இன்றும் சிவப்பு அடையாள அட்டைதான், அதாவது நிரந்தரவாசி, குடிமகள் அல்லர். வாழ்நாளில் ஒருமுறையும் வாக்களித்ததில்லை. ஆட்சிக்கு வந்தால் 100 நாளில் இந்தச் சிக்கலைத் தீர்ப்போம் என்று கூறி, அன்று எதிரணியாக இருந்த நம்பிக்கைக் கூட்டணியின் (பக்காத்தான் ஹராப்பான்) தொண்டர்கள் வீட்டுக்கே வந்து, பழைய தோட்ட நிர்வாகி கொடுத்த கடிதம் உட்பட எல்லாவற்றின் நகல்களையும் நீல நிறக் கோப்பில் வைத்து வாங்கிப்போனார்கள். அந்த ஆகஸ்டில் 60 வயதைத் தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்படும் என்று பிரதமர் மகாதீர் அறிவித்தார். அது நல்ல செயல். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பெரியம்மாவுக்கு அப்போது வயது 58. "உங்கள் கோப்பு அடுத்த சுற்றில் இருக்கிறது அம்மா" என்று கூட்டணியின் சேவை மையத்தில் சொன்னார்கள். அவரும் மாதம் ஒருமுறை போய்க் கேட்டு வந்தார்.

அடுத்த சுற்று வரவில்லை. 2020 பிப்ரவரி இறுதியில் பெர்சத்து கட்சி நம்பிக்கைக் கூட்டணியை விட்டு வெளியேறியது, அதே கூட்டணியின் பி.கே.ஆர். கட்சியிலிருந்தும் 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் விலகினார்கள். எங்கள் அரசு கவிழ்ந்து, மார்ச் 1-இல் பெர்சத்துவின் முஹிடின் யாசின் பிரதமரானார். ஜொகூர் சட்டமன்றத்தில் 56 இடங்களில் 36-ஐக் கொடுத்து நாங்கள் அமைத்த மாநில அரசும் அதே வாரத்தில், யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், கைமாறியது. பெரியம்மா அடுத்த முறை போனபோது சேவை மையம் பூட்டிக் கிடந்தது. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள்தான் இருந்தன. கோப்பு எங்கே போயிற்று என்று சொல்ல ஒருவரும் இல்லை. தேர்தலில் தோற்பதை நாங்கள் அறிவோம், எங்கள் பெற்றோர் வாழ்நாள் முழுவதும் தோற்றவர்கள்தாம். வென்ற பிறகு வாக்கு பறிபோவதை எப்படித் தாங்குவது என்றுதான் தெரியவில்லை.

ஆகவே 2022 மார்ச் 12 ஜொகூர் சட்டமன்றத் தேர்தலுக்கு நான் போகவில்லை. பதிவு பெற்ற வாக்காளர்களில் 55 விழுக்காட்டினர்கூட வாக்களிக்கவில்லை. 2018 பொதுத்தேர்தலிலோ நாடு முழுவதும் 82 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. தொற்றுக்காலம், எல்லைக் கட்டுப்பாடு, 18 வயதினரும் தானாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்களும் முதன்முறையாகக் கணக்கில் வந்தது என்று வேறு காரணங்களை அடுக்குவோர் இருப்பார்கள், அவற்றை மறுக்கவில்லை. நான் போகாததற்கு அவை எதுவும் காரணம் அல்ல. என்னைப் போன்றோர் வீட்டில் இருந்ததால்தான் தேசிய முன்னணி 40 இடங்களோடு திரும்பியது என்று நண்பர்கள் திட்டினார்கள். அந்தப் பழியில் ஒரு பங்கை ஏற்கிறேன்.

2022 அக்டோபரில் கட்சித் தாவல் தடைச் சட்டம் நடப்புக்கு வந்ததைச் சுட்டிக்காட்டி, குறை தீர்ந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். தவளை என்று நாங்கள் அழைக்கும் தனி உறுப்பினர் தாவினால் இப்போது அவர் இடம் காலியாகும். ஆனால் ஒரு கட்சி முழுவதுமாகக் கூட்டணி மாறினால் அச்சட்டம் ஒன்றும் செய்யாது. பெர்சத்து வெளியேறியது அப்படித்தான்.

அந்த நவம்பர் 19 பொதுத்தேர்தலுக்கு, அம்மா தொலைபேசியில் அழைத்ததற்காக, ஊருக்குப் போய் வாக்களித்தேன். எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், நான் ஆதரித்த கூட்டணியும் எதிர்த்த கூட்டணியும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. வேறு வழி இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேர்தலுக்கு முந்தைய நாள் கட்சித் தொண்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து பெரியம்மாவின் ஆவண நகல்களைக் கேட்டார். பெரியம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தார், நகல்களைக் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் விடுப்பு எடுத்து, நானே அவரைப் பதிவிலாகாவுக்கு அழைத்துப்போய் மனுக் கொடுக்க வைத்தேன். அந்த ரசீது இப்போது என் பணப்பையில் இருக்கிறது.