சமூகக் காவல் முறையால் உண்மையில் பலன் உண்டா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

சமூகக் காவல் என்றால், காவலர்கள் தங்கள் பகுதி மக்களோடு பழகி, அவர்களோடு சேர்ந்து குறைகளைத் தீர்ப்பது. அதனால் பலன் உண்டு என்பதற்கும் ஆய்வு இருக்கிறது, இல்லை என்பதற்கும் இருக்கிறது. உண்டு என்பதற்கு உதாரணம், சிகாகோவில் 1993இல் தொடங்கிய திட்டம். அதில் காவலர்கள் பகுதிவாரியாக மக்களோடு கூட்டம் நடத்தினார்கள். அங்கே வந்த புகார்களில் பல, எரியாத தெருவிளக்கும் கேட்பாரற்று நிற்கும் காரும்தான். காவலர் ஒரு படிவம் எழுதி அனுப்பினால் மாநகராட்சித் துறைகள் அதற்கு முன்னுரிமை கொடுத்தன. என்னைக் கேட்டால், திட்டத்தின் உயிர்நாடியே அந்தப் படிவம்தான்.

பிரேசில், கொலம்பியா, லைபீரியா, உகாண்டா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் ஆகிய 6 நாடுகளில் நடந்த கள ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. குற்றமும் குறையவில்லை, காவல்துறை மீதான நம்பிக்கையும் கூடவில்லை. மக்களோடு பழகிய அதிகாரிகள் இடமாற்றத்தில் போய்விட்டார்கள். குறைகளைத் தீர்க்க ஆளும் பணமும் போதவில்லை. மேலிடத்துக்கும் அக்கறை இல்லை.