நெல் காயும் கணக்கு: கேள்வியும் பதிலும்

சென்னையில் நெல் உலர்த்திகளுக்குக் கணக்குப் போட்டுத் தருவது என் தொழில். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

கிண்டி மாணவி: சார், மெல்லிய அடுக்கில் நெல்லைக் காயவைத்து எடுத்த என் தரவு, ஈரம் நேரத்தோடு எப்படிக் குறைகிறது என்று சொல்லும் பேஜ் சமன்பாட்டில் அழகாகப் பொருந்துகிறது. பத்தடி உயரத் தொட்டிக்கும் அதையே போடலாமா?

நேராகப் போடக்கூடாதும்மா. 1949-இல் வந்த அந்தச் சமன்பாடு, எல்லா நெல்லுக்கும் ஒரே காற்று படுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. தொட்டியில் அப்படியில்லை. அடியில் நுழையும் சூடான காற்று ஈரத்தை வாங்கிக் குளிர்ந்துதான் மேலே போகும். மேலடுக்கு நெல் முதல் சில மணி நேரம் காயாமல் ஈரம் ஏறவும் செய்யலாம். அதனால் தொட்டியை மெல்லிய துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் நெல்லின் ஈரம், நெல்லின் வெப்பம், காற்றின் ஈரம், காற்றின் வெப்பம் என நான்கையும் கணக்கிட்டு, ஒன்றிலிருந்து வெளியேறும் காற்றை அடுத்ததற்குக் கொடுங்கள். உங்கள் பேஜ் சமன்பாடு அந்தத் துண்டுக்குள் உட்காரட்டும். ஏதாவது துண்டில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது) 100 சதவீதத்தைத் தாண்டினால், முதலில் நேர இடைவெளியைக் குறைத்துப் பாருங்கள்.

வேளச்சேரி மென்பொருளாளர்: 100 கிலோ நெல் 22 சதவீத ஈரத்திலிருந்து 14-க்கு வந்தால் 8 கிலோ தண்ணீர்தானே போகும்? என் நிரலில் தண்ணீர்க் கணக்கு நேராக வரவில்லை.

9.3 கிலோ, தம்பி. மாறாமல் நிற்பது 78 கிலோ உலர்பொருள். அதை 0.86-ஆல் வகுத்தால் மிஞ்சும் எடை 90.7. நிரலுக்குள் ஈரத்தை எப்போதும் உலர் அடிப்படையிலேயே, அதாவது தண்ணீர் எடையை உலர்பொருள் எடையால் வகுத்தே வையுங்கள்.

செங்குன்றம் ஆலைக்காரர்: சூடேற்றாமல் வெறும் காற்றை ஊதினால் போதாதா?

நம்ம ஊர்க் காற்றுக்குப் போதாது, அண்ணே. 30 டிகிரி, 80 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் நெல்லின் ஈரம் சுமார் 15 சதவீதத்திலேயே நின்றுவிடும். எத்தனை நாள் ஊதினாலும் அதற்குக் கீழே இறங்காது. அதே காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் 35-க்கு வந்துவிடும்.

அவரே: அப்படியானால் இன்னும் சூடேற்றி ஒரே மூச்சில் காயவைத்தால் என்ன? குருணை ஏன் கூடுகிறது?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. மேல்பரப்பு ஈரத்தைக் காற்று உடனே வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பது ஊறி வெளியே வர நேரம் பிடிக்கும். சூட்டைக் கூட்டினால் ஓரம் காய்ந்து சுருங்க, நடு ஈரமாகவே நிற்கும். அந்த இழுபறியில் அரிசி வெடிக்கிறது. சற்று நேரம் சூடு காட்டி, சில மணி நேரம் ஆறப்போட்டு, மறுபடி காட்டுங்கள். ஆறும்போது உள்ஈரம் ஓரத்துக்கு வந்துவிடுவதால் அடுத்த சுற்றில் சட்டென்று காயும். நெல்மணியை ஒரே ஈரமுள்ள உருண்டையாக எடுக்கும் கணக்கு மாதிரிகளில் இது தெரியவே தெரியாது. மணிக்குள் ஈரம் பரவுவதையும் சேர்த்தே ஆகவேண்டும். காய்ந்த நெல்லை இரவில் களத்தில் திறந்து போட்டாலும் வெடிப்பு வரும். பனி ஈரத்தை ஓரம் குடித்து உப்பி, நடுவைப் பிளக்கும்.

மணலி வாசகர்: விதைநெல்லுக்கும் இதே சூடா?

வேண்டாம். காற்று 43 டிகிரியைத் தாண்டக்கூடாது; முளைப்புத்திறன் போய்விடும்.