பாயா காலில் இருந்து பழைய எலும்பு வரை: கேள்வி பதில்

அகழாய்வில் கிடைக்கும் பழைய எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்க எலும்பு வேணும் அண்ணா. கடையில ஆட்டுக்கால் வாங்கினா போதுமா? – புளியந்தோப்பு

போதும். ஆனால் பொசுக்காத காலாகக் கேளுங்கள். தீயில் வாட்டினால் எலும்பு விரிசல் விடும். இன்னொரு சிக்கல் வயசு. கறிக்குப் பெரும்பாலும் இளம் ஆடுதான் வெட்டுகிறார்கள். கால் எலும்பின் குளம்புப் பக்க முனையில் உள்ள குமிழ், எலும்பின் தண்டோடு ஒட்ட 18 முதல் 28 மாதம் பிடிக்கும். அதற்கு முன் வெட்டிய காலை வேகவைத்தால் குமிழ் கழன்று வந்துவிடும். உடைந்துவிட்டதென்று ஃபெவிகாலைத் தேடாதீர்கள், வயசைச் சொல்வதே அந்தக் கழன்ற முகம்தான். எலும்பை வெளுக்க பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம். எலும்பைப் பிணைக்கும் புரதமான கொலாஜனைத் தின்றுவிடும், எலும்பு சுண்ணாம்பாக உதிரும். 3% ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். நிழலில் காய வையுங்கள்.

எலும்பு வெள்ளாட்டுடையதா, செம்மறியுடையதா, எப்படிக் கண்டுபிடிப்பது? – வியாசர்பாடி

நம்ம ஊர் மெட்ராஸ் ரெட் செம்மறி உயிரோடு நிற்கும்போதே பலர் வெள்ளாடு என்பார்கள். எலும்பில் குழம்புவது ஆச்சரியமில்லை. முன்னங்காலில் குளம்புக்கு மேலுள்ள நீள எலும்பான மெட்டாகார்பலின் குமிழில் நடுவே ஒரு முகடு ஓடும். முகட்டின் முன்பின் தடிமனையும் அதற்கு வெளிப்புறப் பகுதியின் தடிமனையும் காலிப்பரில் (தடிமன் அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். முகடு 100 என்றால் வெளிப்புறம் ஏறத்தாழ 63-க்கு மேல் செம்மறி, கீழே வெள்ளாடு. எல்லைக்கோட்டில் நின்றால் கொலாஜன் சோதனைதான் வழி.

இதில் தவறினால், எலும்பின் நீளத்தை வைத்து ஆட்டின் உயரத்தைக் கணிக்கும் கணக்கே கவிழும். 130 மி.மீ. நீள மெட்டாகார்பலைச் செம்மறிக்குரிய காரணி 4.89-ஆல் பெருக்கினால் தோள் உயரம் 64 செ.மீ. வெள்ளாட்டுக்குரிய 5.75 போட்டால் 75. இந்தக் காரணிகள் ஐரோப்பிய ஆடுகளை வைத்து வந்தவை என்பதையும் மறக்க வேண்டாம். குமிழ் ஒட்டாத எலும்பில் இந்தக் கணக்கே கூடாது.

எலும்பைச் சுழல்தட்டில் வைத்துப் படம் எடுத்தேன் சார், முப்பரிமாண மாடல் பிய்ந்து வருகிறது. – ராயபுரம்

எலும்பு சுற்றுகிறது, பின்னால் சுவர் நிற்கிறது. படங்களைச் சேர்த்து மாடலாக்கும் மென்பொருள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேமரா அசையவே இல்லை என்று முடிவு கட்டும். மடிப்பில்லாத கறுப்புத் துணி மாட்டுங்கள். 10 டிகிரிக்கு ஒரு படம், சுற்றுக்கு 36, மூன்று உயரங்களில். பிறகு கவிழ்த்து மறுபடியும். ஃப்ளாஷ் வேண்டாம், பளபளப்பு ஓட்டையாக வரும். தட்டிலேயே ஸ்கேல் ஒன்றை வையுங்கள். அது இல்லாவிட்டால் வடிவம் கிடைக்கும், அளவு கிடைக்காது.

எலும்பில் தடம் இருக்கிறது, கத்தி வெட்டா, நாய் கடித்ததா? – திருவொற்றியூர்

கத்தித் தடம் 'V' போல ஒடுங்கும், பல் தடம் 'U' போல அகலும். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பாருங்கள்.

கீழடி அகழாய்வில் என்னென்ன விலங்குகளின் எலும்பு கிடைத்தது? – தண்டையார்பேட்டை

மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு. கூடவே நீலகாய், வெளிமான், காட்டுப்பன்றி, மயில். அடையாளம் கண்டது புனே டெக்கான் கல்லூரி.